கண்ணை மூடினால் பால் கணக்கு ஓடுகிறதா?

உள்ளே திரும்பிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் பால் பாக்கி, ஆபீஸ் வாட்ஸ்அப் குழு, நேற்று மைத்துனர் சொன்ன ஒரு சொல் என்று வரிசையாக வந்து நிற்கும். விரட்டாதீர்கள், விரட்ட விரட்டப் பலமாக வரும். ரமண மகரிஷி காட்டிய வழி எளிது. எண்ணம் எழுந்ததும் 'இது யாருக்கு வந்தது?' என்று கேளுங்கள். 'எனக்கு' என்று பதில் வரும். சரி, அந்த நான் யார்? கவனத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

மைத்துனர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 'அவர் எப்படி அப்படிச் சொல்லலாம்?' என்று மனம் வழக்காடத் தொடங்கும். அவரை விட்டுவிட்டு, வலிப்பது யாருக்கு என்று பாருங்கள். வாதம் பாதியில் அறுந்து சின்ன இடைவெளி கிடைக்கும். உடனே அடுத்த எண்ணம் வந்துவிடும், பரவாயில்லை. மறுபடி அதே கேள்வி.

பலர் சறுக்குவது எங்கே என்றால், 'நான் யார், நான் யார்' என்று உருப்போடுவதில். இது ஜபம் அல்ல என்று ரமணரே சொல்லியிருக்கிறார். 'நான் ஆத்மா' என்று பரீட்சை விடை எழுதுவதும் வேண்டாம். அதுவும் இன்னொரு எண்ணம்தான்.

பத்மாசனம், தனி அறை எதுவும் கட்டாயமில்லை. 1896-ல் மதுரையில், 16 வயதுப் பையனாக, திடீரென்று மரண பயம் வந்தபோது, சாவது எது என்று படுத்தபடியே பார்த்தவர் ரமணர். உங்களுக்குப் பேருந்தின் ஜன்னலோர இருக்கை போதும். மனம் ரொம்பவே துள்ளினால் முதலில் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனியுங்கள். அப்புறம் கேள்வியைப் போடலாம்.