கொம்பு வரும் இடத்தில் குழந்தை தடுமாறினால்

247 எழுத்துகளையும் ஒப்பித்த பிறகுதான் வாசிக்க வேண்டும் என்பதில்லை. ட, ப, ம, க, ல, கூடவே புள்ளி, இவை போதும். படம், பட்டம், கடல், கப்பல் எல்லாம் அன்றே வாசிக்கலாம். அடுத்து துணைக்கால்: பால், பாடம்.

சிக்கல் ஒற்றைக்கொம்பில்தான் தொடங்கும். ‘பெ’யில் குறி இடப்பக்கம் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. அதனால் சில பிள்ளைகள் கொம்பை விட்டுவிட்டு ‘ப’ என்று வாசிப்பார்கள். திட்டாதீர்கள், பாவம். கொம்பை விரலால் மறைத்து ‘ப்’ சொல்லவையுங்கள். விரலை எடுத்ததும் ‘எ’. பிறகு சேர்த்து ‘பெ’. ‘மெல்ல’, ‘மெட்டு’ என்று நாலைந்து சொற்கள் பழகியபின் இரட்டைக்கொம்பு. இருபுறமும் குறி வரும் ‘பொ’, ‘போ’ அதற்கும் பிறகே.

கு, து, பு, மு வடிவத்தில் ஒத்துப்போகாதவை, தனித்தனியாகவே பழக்குங்கள்.