பிக்கப்ல பெட்ரோல் வாடை வந்தா எங்க பாக்கணும், எப்படி சரி பண்ணணும்

சவுதில பெட்ரோல் பிக்கப் ஓட்டுற நம்மாளுங்களுக்காக எழுதுறேன். நான் ஓட்டுறது 2.7 லிட்டர் ஹைலக்ஸ், ஆனா இங்க சொல்றது எந்த பெட்ரோல் பிக்கப்புக்கும் பொருந்தும். வாடை வந்தா "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்"னு விட்றாதீங்க. பெட்ரோல் ஆவி காத்துல 1.4 சதவீதம் கலந்தாலே பத்திக்கும், காத்தை விட கனம்கிறதால மேல போகாம தரையோட தேங்கி நிக்கும், அதனால மூடின ஷெட்டுல வண்டிய போட்டு தேடவே கூடாது, வெட்டவெளில நிறுத்தி இன்ஜின் ஆறினப்புறம் பாருங்க. சிகரெட் வேணாம், பழைய குண்டு பல்பு லைட் வேணாம், எல்இடி டார்ச் போதும். பக்கத்துல தீயணைக்கிற பவுடர் சிலிண்டர் ஒண்ணு இருக்கட்டும். தரைல சொட்டுறது கண்ணுக்கு தெரிஞ்சா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, சத்ஹா (வண்டிய ஏத்திட்டு போற லாரி) கூப்பிட்டு ஏத்திட்டு போங்க.

மொதல்ல பின்னாடி பாடில என்ன கிடக்குன்னு பாருங்க, ஜெனரேட்டர், பெட்ரோல் கேன், புல்லு வெட்டுற மெஷின் இதுல ஏதாவது இருந்தா இறக்கி வச்சிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. நிறைய தடவை பிரச்சன அதோட முடிஞ்சிரும்.

அப்படி முடியலன்னா ஸ்பானர எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் ஒரே ஒரு விஷயத்த கவனிங்க, வாடை எப்ப வருது. நான் இத கவனிக்காம விட்டதுக்கு காசு கொடுத்தேன். என் வண்டில ஃபுல் டேங்க் போட்டா மட்டும் வாடை வரும், பாதி டேங்க் ஆனா நின்னுரும், நான் அத சொல்லாம சனையால (ஒர்க்ஷாப்பெல்லாம் இருக்குற இண்டஸ்ட்ரியல் ஏரியா) ஒரு ஒர்க்‌ஷாப்ல "பெட்ரோல் வாடை"ன்னு மட்டும் சொல்ல, அவங்க இன்ஜெக்டர் (இன்ஜினுக்கு பெட்ரோல் பீச்சுற பாகம்) ஓ-ரிங் (ரப்பர் வளையம்) எல்லாம் மாத்தி விட்டாங்க, அடுத்த ஃபுல் டேங்க்ல திரும்ப அதே வாடை. கடைசில பாத்தா பெட்ரோல் ஊத்துற வாய்லேர்ந்து டேங்குக்கு போற ரப்பர் ஹோஸ், அதான் ஃபில்லர் ஹோஸ், மேல் பக்கமா வெடிச்சிருந்தது. டேங்க் நிறைஞ்சா மட்டும்தான பெட்ரோல் அந்த மட்டத்துக்கு வரும்!

ஃபுல் டேங்க்ல மட்டும் வாடைன்னா கோளாறு டேங்க்கோட மேல் பக்கம்தான். ஃபில்லர் ஹோஸ், அதோட ஒட்டி வர்ற சின்ன வென்ட் ஹோஸ் (காத்து வெளிய போற ஹோஸ்), டேங்குக்குள்ள இருக்குற பெட்ரோல் பம்ப் மேல வர்ற சீல், மூடியோட ரப்பர் வாஷர், இத வரிசையா பாருங்க. மூடி வாஷர் ரொம்ப சின்ன செலவு, அத மொதல்ல மாத்திப் பாக்கலாம். பம்ப் சீல் மாத்துறது மட்டும் பெரிய வேலை, நிறைய கார்ல பின் சீட்டுக்கு அடியில ஒரு மூடி இருக்கும், பிக்கப்புல டேங்க் பாடிக்கு அடியில கிடக்குறதால டேங்க இறக்கணும் இல்லன்னா பாடிய தூக்கணும்.

குளிர்காலத்துல காலைல ஸ்டார்ட் பண்ணினதும் வாடை வந்து, இன்ஜின் சூடானதும் நின்னுட்டா இன்ஜின் பக்கம் போங்க. இறுகிப் போன ஓ-ரிங் குளிர்ல சுருங்கி கசியும், சூட்டுல உப்பி அடைச்சுக்கும். ஏசிய வெளிக்காத்து எடுக்குற மோட்ல வச்சா வாடை உள்ள வருது, உள்காத்துல வச்சா குறையுதுன்னாலும் அதே இன்ஜின் பக்கம்தான் சந்தேகம், ஏன்னா ஏசிக்கு காத்து முன் கண்ணாடிக்கு கீழ பானட் ஓரமாத்தான் போகுது. ஃபியூயல் ரெயில் (இன்ஜெக்டருங்களுக்கு பெட்ரோல் பிரிச்சு கொடுக்குற குழாய்), இன்ஜெக்டர் அடி, ஹோஸ் சேர்ற இடம் எல்லாத்துலயும் காஞ்ச டிஷ்யூ பேப்பர ஒத்திப் பாருங்க. ஈரம் ஆவியாகிப் போனாலும் கசியுற இடத்துல தூசி ஒட்டி கறையா நிக்கும்.

பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக அடம் பிடிச்சு, கூடவே வாடையும் வந்தா சார்கோல் கேனிஸ்டரையும் (டேங்க் ஆவிய பிடிச்சு வைக்கிற கரி டப்பா) அதோட பர்ஜ் வால்வையும் (அந்த ஆவிய இன்ஜினுக்கு விடுற வால்வு) பாக்கணும். பங்க்ல பெட்ரோல் ஊத்துற துப்பாக்கி தானா கட்டானப்புறமும் ரவுண்டா 100 ரியாலுக்கு போடுங்கன்னு அமுக்கி ஊத்த சொல்றோம்ல, அந்த பெட்ரோல், ஆவிய மட்டும் பிடிக்க வச்ச கேனிஸ்டருக்குள்ள போய் அத கெடுத்துரும். செக் லைட் எரிஞ்சு, ஸ்கேனர்ல பி0442 இல்லன்னா பி0455ங்கிற கோடு வந்தா அதுவும் ஆவி கசியுதுன்னுதான் அர்த்தம்.

இன்ஜின் ஆயில் மட்டம் பாக்குற டிப்ஸ்டிக் கம்பிய எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை பலமா அடிச்சு, ஆயில் மட்டமும் கூடியிருந்தா இன்ஜெக்டர் மூடாம ஒழுகுதுன்னு சந்தேகப்படலாம், அந்த ஆயில்ல வண்டிய ஓட்டினா பேரிங் போயிரும், இன்ஜெக்டர சரி பண்ணி ஆயில மாத்திட்டு ஓட்டுங்க.

இப்ப ஹோஸ் மாத்துற வேலை. லைன்ல 3 பார் வாக்குல பிரஷர் நிக்கும், அப்படியே கழட்டினா மூஞ்சில அடிக்கும். ஃபியூயல் பம்ப் ஃபியூஸ் இல்லன்னா ரிலேவ பிடுங்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, தானா ஆஃப் ஆகும், இன்னொரு தடவை செல்ஃப் அடிச்சிட்டு பேட்டரி நெகட்டிவ கழட்டிருங்க. அப்பவும் கொஞ்சம் வரும், துணிய சுத்தி கழட்டுங்க, கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கங்க.

ஹோஸ் வாங்கும்போதுதான் ஏமாறுவோம். என் ஃபில்லர் ஹோஸுக்கு பதிலா வேற ஒரு ஷெட்டுல தண்ணி ஹோஸ வெட்டி மாட்டினாங்க, கொஞ்ச நாள்லயே உப்பி மெத்து மெத்துன்னு ஆயிருச்சு. ஃபில்லர் ஹோஸ் பெட்ரோலுக்குன்னே செஞ்சதா இருக்கணும், இன்ஜெக்‌ஷன் லைன்ல எங்க ரப்பர் ஹோஸ் வருதோ அங்க மேல எஸ்ஏஇ ஜே30ஆர்9னு அச்சடிச்சிருக்கான்னு படிச்சுப் பாத்து வாங்குங்க. கிளாம்ப் ஓரம் மடிச்ச டைப்பா இருக்கட்டும், பல்லு டைப் ரப்பர வெட்டிரும். ஓ-ரிங் பழச திரும்ப போடாதீங்க, புதுசுல துளி இன்ஜின் ஆயில் தடவி மாட்டுங்க.

டேங்க்ல ஊசி ஓட்டைன்னா சோப்புக்கட்டிய தேச்சு அடைக்கிறது நம்மூர் டிரைவருங்க பழக்கம், ஒர்க்‌ஷாப் போற வரைக்கும் வேணா தாங்கும், பிரஷர் லைன்ல அது நிக்கவே நிக்காது. டேங்க கழட்டி வெல்டிங் வைக்கிறேன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு விடாதீங்க, காலி டேங்க்ல ஆவி நிறைஞ்சிருக்கும், பொறி பட்டா வெடிக்கும், நிறைஞ்ச டேங்க விட அதுதான் ஆபத்து.

மாட்டி முடிச்சதும் பேட்டரி, ஃபியூஸ் போட்டு ஸ்டார்ட் பண்ணி, டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஜாயிண்ட்டா 5 நிமிஷம் பாருங்க. ராத்திரி வண்டிக்கு அடியில அட்டை ஒண்ணு விரிச்சு வைங்க, காலைல கதவ திறக்குறதுக்கு முன்னாடி அத இழுத்துப் பாத்து மோந்துட்டு அப்புறம் சாவிய போடுங்க.