களைப்பை அளக்கும் வினாக்கொத்துகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் சிறுநீரக, இதய கிளினிக்குகளுக்கு ஆய்வு வினாக்கொத்துகளோடு வரும் மாணவர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். ஆள் மாறுகிறது, தவறு மாறுவதில்லை. ஒரு கேள்வி விடுபடுவது, ஒரே வரியில் இரண்டு இடத்தில் புள்ளடி போடுவது எல்லாம் மேற்பார்வையாளர் பார்த்ததும் பிடிபட்டுவிடும். அவருக்கும் தெரியாமல் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பதில் யாருடையது?

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதில்தான். டயலிசிஸுக்கு வரும் அம்மாவோடு மகளும் வருவார். மாணவி அம்மாவிடம்தான் கேட்பார். "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்று அம்மா தொடங்குவார். "அவ அப்பிடித்தான் சொல்லுவா மிஸ், வீட்டில நாள் முழுக்கப் படுக்கைதான்" என்று மகள் குறுக்கிடுவார். பேனை மகள் சொன்ன பக்கம் போய்விடும்.

மகள் பொய் சொல்லவில்லை. ஆனால் கேள்வி, அம்மா தன் களைப்பை எப்படி உணர்கிறார் என்பது. எழுந்து நடப்பது, குளிப்பது போன்ற வெளியே தெரியும் விடயங்களில் வீட்டாரின் பதில் ஓரளவு ஒத்துப்போகும். வலி, களைப்பு, மனநிலை என்று வரும்போது விலகிவிடும். பெரும்பாலும் நோயாளி சொல்வதைவிட மோசமாகவே சொல்வார்கள்.

ஓர் ஆய்வில் டயலிசிஸ் நோயாளருக்கு உடற்பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் களைப்பை அளந்தார்கள். முதற்சுற்றில் பலருக்கு வீட்டாரே பதில் சொன்னார்கள். இரண்டாம் சுற்றில் தாள் நோயாளர் கைக்கே போனது. களைப்பு நன்றாகக் குறைந்துவிட்டதாக முடிவு வந்தது. ஃபாசிட் (FACIT) என்ற களைப்பு வினாக்கொத்தில் 3, 4 புள்ளி மாறினாலே கவனிக்கத்தக்க மாற்றம் என்று எடுப்பது வழக்கம். பதில் சொல்லும் ஆள் மாறினாலே அந்தளவு மாறிவிடலாம். எந்தத் தாளை யார் சொல்லி நிரப்பியது என்று எங்கும் குறிக்கவில்லை, ஆகவே பிரித்தெடுக்கவும் வழியில்லை. ஊசி ஏற்றிய கையோடு படுத்திருந்து அத்தனை பேர் பொறுமையாகச் சொன்ன பதில்கள் வீணாயின.

முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள்: வாசித்தது யார், பதில் சொன்னது யார், பக்கத்தில் இருந்தது யார். நோயாளிக்கு வாசிக்க முடியாவிட்டால் பயிற்சி பெற்ற ஒருவர் வாசிக்கட்டும். இரண்டு சுற்றிலும் அதே முறைதான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆள் முன்னால் இருந்து கேட்டால் நோயாளி கொஞ்சம் நல்லதாகவே சொல்வார். மகளை அந்த நேரம் கன்ரீனுக்குத் தேநீர் குடிக்க அனுப்பிவிடலாம். நோயாளியால் பேசவே முடியாதென்றால் ஈ.கியூ.-5டி (EQ-5D) என்ற பொது உடல்நல வினாக்கொத்துக்கு உறவினருக்கென்றே தனி வடிவம் உண்டு, அதை எடுங்கள்.

புள்ளியின் திசை

களைப்புத் தீவிர அளவுகோல் (FSS) என்ற வினாக்கொத்தில் புள்ளி கூடினால் களைப்பு கூட. ஃபாசிட்டில் 0 முதல் 52 வரை. கூடினால் களைப்பு குறைவு. எது எந்தத் திசை என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதிவையுங்கள்.

எஸ்.எஃப்.-36 இன் மொத்தப் புள்ளி

எஸ்.எஃப்.-36 (SF-36) என்பது பொதுவான உடல்நலத்தை 36 கேள்வியில் அளக்கும் வினாக்கொத்து. அதற்கு மொத்தப் புள்ளி என்று ஒன்று கிடையாது. எட்டுப் பிரிவுகள், உடலுக்கொன்று மனதுக்கொன்றாக இரண்டு சுருக்கப் புள்ளிகள், அவ்வளவுதான்.

நடந்த நேரம்

உடலுழைப்பை அளக்கும் ஐபாக் (IPAQ) வினாக்கொத்தின் குறுவடிவம், கடந்த 7 நாளில் எத்தனை நாள், அந்த நாளில் எவ்வளவு நேரம் என்று தனித்தனியே கேட்கிறது. கிழமைக்கு மூன்று மணித்தியாலம் நடக்கும் கொட்டாஞ்சேனை ஐயாவுக்கு நாளுக்கு 180 நிமிடம் என்று பதிந்தால், அவர் கணக்கில் ஓட்டவீரராகிவிடுவார். 180 தான் உச்சவரம்பு என்பதால் கணினியும் சத்தம் போடாது. "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று சுருக்கிக் கேட்கவும் வேண்டாம். வீட்டுவேலை, சந்தைக்குப் போய்வருவது எல்லாம் இந்த வினாக்கொத்தில் சேர்த்தி. இது 15 முதல் 69 வயதினருக்காக உருவானது. 75 வயதுக்காரருக்குக் கொடுக்க முன் யோசியுங்கள்.

எந்தக் காலம்?

ஈ.கியூ.-5டி இன்றைய நிலையைக் கேட்கும், ஃபாசிட் கடந்த 7 நாளை, எஸ்.எஃப்.-36 இன் வழமையான வடிவம் கடந்த 4 வாரத்தை. ஒரே மூச்சில் மூன்றையும் வாசித்தால் நோயாளி எல்லாவற்றுக்கும் இன்றைய உடம்பையே வைத்துப் பதில் சொல்வார். ஒவ்வொன்றும் தொடங்க முன் காலத்தைத் திரும்பச் சொல்லுங்கள். டயலிசிஸ் முடிந்து எழும்பும் நேரம் பலருக்குத் தலை சுற்றும், அப்போது "இன்று எப்படி?" என்று கேட்காதீர்கள். முதற்சுற்றில் ஊசி ஏற்ற முன் கேட்டிருந்தால், இரண்டாம் சுற்றிலும் ஊசி ஏற்ற முன்தான் கேட்க வேண்டும்.