கார்டு காட்டினால் திறக்கும் கதவு: பூட்டு பொருத்துவதிலிருந்து கேட் மோட்டார் வரை

பெட்டியைப் பிரிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று: கரண்ட் போனால் கதவு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே நிற்க வேண்டுமா? பூட்டும் வயரிங்கும் அதைப் பொறுத்தே மாறும். ஈ.எம். லாக் எனப்படும் மின்காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும்வரைதான் பிடிக்கும், போனால் விட்டுவிடும். ஆட்கள் வெளியேறும் வழிக்கு இதுதான் சரி. ஸ்டோர் ரூமுக்கு, கரண்ட் இல்லாமலும் பூட்டியிருக்கும் எலக்ட்ரிக் ஸ்டிரைக் (பூட்டின் நாக்கைப் பிடித்துவைத்து, மின்சாரம் கொடுத்தால் விடும் பகுதி) போடலாம்; ஆனால் உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வெளியே வர முடிய வேண்டும். இங்கே ஈ.எம். லாக் போட்ட ஒரு கதவைப் பார்ப்போம்.

தேவையானவை: 280 கிலோ பிடிப்புள்ள ஈ.எம். லாக், கண்ட்ரோலர் (கார்டைச் சரிபார்த்துப் பூட்டைத் திறக்கும் கருவி), ரீடர் (கார்டைப் படிக்கும் கருவி), பேட்டரி சார்ஜ் செய்யும் 12 வோல்ட் 3 ஆம்பியர் பவர் சப்ளை, 7 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, உள்ளிருந்து திறக்க எக்ஸிட் பட்டன், பிரேக் கிளாஸ் (அவசரத்தில் கண்ணாடியை அழுத்தித் திறக்கும் பெட்டி), 1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் சிறு உறுப்பு). லாக் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். மற்றவற்றையும் சேர்த்தால் புது பேட்டரி ஏழெட்டு மணி நேரம் தாங்கும்.

முதல் படி: பூட்டு

காந்தம் கதவு நிலையில் (ஃபிரேமில்), இரும்புத் தகடு கதவில். வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு எல் பிராக்கெட், உள்பக்கம் திறப்பதற்கு இசட்-எல், ஃபிரேம் இல்லாத கண்ணாடிக்கு யு. தகட்டுக்குப் பின்னால் வரும் ரப்பர் வாஷரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தகடு விரலால் தள்ளினால் லேசாக அசைய வேண்டும். அப்போதுதான் காந்தத்தின் முகத்தோடு தானே படிந்து உட்காரும். போல்ட்டை முழுக்க இறுக்கினால் ஓரத்தில் காகிதக் கனத்துக்கு இடைவெளி விழும். 280 கிலோ பூட்டு ஒரே இழுப்பில் வந்துவிடும்.

இரண்டாம் படி: வயரிங்

மெயின்ஸை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். 230 வோல்ட் பக்க வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

பவர் சப்ளையின் பிளஸ் முதலில் பிரேக் கிளாஸுக்குப் போகும், அங்கிருந்து கண்ட்ரோலர் ரிலேயின் (கண்ட்ரோலர் இயக்கும் சுவிட்ச்) காமன் எனும் பொது முனைக்கு, பிறகு என்.சி. (வழக்கமாக இணைந்திருந்து, ரிலே இயங்கும்போது அறுபடும்) முனையிலிருந்து லாக்கின் பிளஸ்ஸுக்கு. லாக்கின் மைனஸ் நேராக சப்ளைக்குத் திரும்பும். பிரேக் கிளாஸை எக்ஸிட் பட்டன் போல கண்ட்ரோலரில் மட்டும் இணைப்பவர்கள் உண்டு, அது தவறு. கண்ட்ரோலர் உறைந்து நின்றுவிட்டாலும் கண்ணாடியை அழுத்தியதும் லாக்கின் கரண்ட் அறுபட வேண்டும். எக்ஸிட் பட்டன் மட்டும் கண்ட்ரோலரின் புஷ், கிரவுண்டு முனைகளுக்குப் போகும்.

லாக்கிலேயே பாதுகாப்பு இல்லையென்றால் டயோடை லாக்கின் பிளஸ், மைனஸ் முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சுருளிலிருந்து பாயும் மின்னழுத்தம் ரிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். திருப்பிப் போட்டால் ஷார்ட்.

கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 30 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் இறங்கும். அதே தூரத்துக்கு நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியைப் போட்டால் இரண்டரை வோல்ட் போய்விடும். லாக்கின் பிடிப்பு தளரும்.

ரீடர் வெளியே, கண்ட்ரோலர் உள்ளே. ரிலேயும் கீபேடும் ஒன்றாயிருக்கும் மலிவு ரகத்தை வெளிச்சுவரில் மாட்டினால், நான்கு ஸ்க்ரூ கழற்றத் தெரிந்தவருக்குக் கார்டே வேண்டாம். வீகண்ட் (கார்டு எண்ணை கண்ட்ரோலருக்கு அனுப்பும் ஒரு முறை) ரீடரில் பெரும்பாலும் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், பச்சை டி0, வெள்ளை டி1; கடைசி இரண்டும் தகவல் கம்பிகள்.

மூன்றாம் படி: கார்டு

முதல் வேலை, மாஸ்டர் கோடை (அமைப்புகளை மாற்றப் பயன்படும் ரகசிய எண்) மாற்றுவது. கம்பெனி கோடு கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. பிறகு கார்டுகளைச் சேருங்கள்; சேர்க்கும்போதே பயனர் எண், பெயர், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். தொலைந்த கார்டைக் காட்டி நீக்க முடியாது, எண்ணைச் சொல்லித்தான் நீக்க முடியும். நோட்டு இல்லையென்றால் எல்லாக் கார்டையும் அழித்து முதலிலிருந்து சேர்க்க வேண்டியதுதான். திறந்திருக்கும் நேரத்துக்கு 5 விநாடி போதும்.

கேட்டுக்கு

மோட்டாருக்குத் தனி போர்டு இருக்கும். ரிலேயின் காமனையும் என்.ஓ.வையும் (வழக்கமாகப் பிரிந்திருந்து, ரிலே இயங்கும்போது இணையும் முனை) அந்த போர்டின் ஸ்டார்ட் முனைகளில் கொடுங்கள்; வெறும் தொடுப்பு மட்டும், 12 வோல்ட் அனுப்பினால் போர்டு போய்விடலாம். ரிலே நேரம் 1 விநாடி. கேட் மூடும் பாதையில் போட்டோசெல் (குறுக்கே ஆள் வந்தால் உணரும் ஒளி சென்சார்) இல்லாமல் தானாக மூடும் வசதியை ஆன் செய்யவே கூடாது. கையால் விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கோளாறு வந்தால்

கார்டுக்கு பீப் வருகிறது, சேர்த்த கார்டுக்கும் கதவு திறக்கவில்லை என்றால் டி0, டி1 மாறியிருக்கும். ரீடருக்குத் தனி சப்ளை கொடுத்திருந்தால் இரண்டின் மைனஸையும் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பீப்பே இல்லையென்றால் கார்டு வகையைக் கவனியுங்கள்: 125 கிலோஹெர்ட்ஸ் ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டைப் படிக்காது. ரீடரை இரும்புத் தூணில் நேராக ஒட்டினாலும் படிக்கும் தூரம் குறையும், நடுவில் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். மெயின்ஸ் போனவுடனே கதவு விட்டுக்கொடுத்தால் பேட்டரியை மாற்றும் நேரம்.