கீரை மசியலுக்குப் பழைய ருசி வேண்டுமா, முதலில் வடகம் போடுங்கள்

சின்ன வயதில் சாப்பிட்ட கீரை மசியல் ருசி இப்போது வரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் எதைப் போட்டுத் தாளித்தார்கள் என்றுதான். பாதிப் பேருக்கு அது ஞாபகமே இருக்காது. மண்சட்டி வாங்கியிருப்பார்கள், மத்து தேடிப் பிடித்திருப்பார்கள், செக்கு எண்ணெய்க்கு மாறியிருப்பார்கள், கடைசியில் தாளிப்பது மட்டும் வெறும் கடுகும் உளுத்தம்பருப்பும். தஞ்சாவூர், நாகப்பட்டினம், கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் வருஷம் முழுக்க அந்த வேலையைப் பார்த்தது வெங்காய வடகம். கோடையில் ஒரு தடவை போட்டு ஜாடியில் அடைத்துவிட்டால் அடுத்த கோடை வரை தாளிப்புக்குக் கவலையில்லை. அரிசிக் கூழைப் பிழிந்து காயவைத்துப் பொரிக்கிறோமே, அதையும் பல ஊர்களில் வடகம் என்பார்கள். நான் சொல்வது அது இல்லை, தாளிக்கிற வடகம்.

எப்போது போடுவது என்பதுதான் முதல் விஷயம். பங்குனி கடைசியில் தொடங்கி கத்திரி வெயில் முடிவதற்குள், அதாவது ஏப்ரல், மே மாதங்களில், தொடர்ந்து பத்து நாள் நல்ல வெயில் அடிக்கும் என்று நம்பிக்கை இருந்தால் ஆரம்பியுங்கள். மேகமூட்டமாக இருந்தால் வெங்காயம் வாங்கியே வராதீர்கள்.

சின்ன வெங்காயம் 1 கிலோ. பெரிய வெங்காயம் கூடாது, அதில் தண்ணீர் அதிகம், காய்ந்த பிறகு நாராக நிற்கும், மணமும் கிடையாது. பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்து வெங்காயம் எல்லாச் சந்தைக்கும் வருகிறது, எந்த ஊர்ச் சரக்காக இருந்தாலும் தோல் மொறமொறவென்று காய்ந்து, கையில் எடுத்தால் கெட்டியாக இருக்க வேண்டும். முளை விட்டது, அழுத்தினால் அமுங்குவது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பூண்டு 100 கிராம், உடைத்த உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள் 2 தேக்கரண்டி, பெருங்காயத்தூள் 1 தேக்கரண்டி, கல் உப்பு சுமார் 50 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, விளக்கெண்ணெய் 3 மேசைக்கரண்டி. சில வீடுகளில் சோம்பு சேர்ப்பார்கள், சில வீடுகளில் துவரம்பருப்பு ஒரு பிடி போடுவார்கள். எங்கள் அப்பாயிக்கு சோம்பு என்றாலே ஆகாது, அது கறிக்குழம்புக்குப் போடுவது என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். வெந்தயத்தை மட்டும் கூட்டாதீர்கள். பச்சையாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, எண்ணெயில் விழுந்ததும் கசப்பு வந்துவிடும்.

உரிப்பதுதான் இதில் உண்மையான வேலை. ஒரு கிலோ சின்ன வெங்காயத்தைத் தனி ஆளாக உட்கார்ந்து உரித்தால் வடகம் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அந்தக் காலத்தில் ஐந்து கிலோ, எட்டு கிலோ என்று போடுவார்கள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் அத்தை, சித்தி, எதிர் வீட்டு அக்கா எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்து உரிப்பார்கள், பிள்ளைகளுக்குத் தலா ஒரு சின்னக் குவியல். கண்ணைக் கசக்கினால் இன்னும் எரியும் என்று யார் சொல்லியும் நாங்கள் கேட்டதில்லை. ஊர் வம்பு முழுக்க அன்றைக்குத்தான் காதில் விழும் என்பதால் எழுந்து போகவும் மனசு வராது. இன்றைக்கு வேறு வழி இருக்கிறது: தலையும் வாலும் கிள்ளிவிட்டு வெங்காயத்தை அரை மணி நேரம் வெயிலில் போட்டு, ஒரு கோணித் துணியில் வைத்துத் தேய்த்தால் மேல்தோல் முக்கால்வாசி போய்விடும். உள்தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு உரிப்பது சுலபம்தான், ஆனால் அந்த ஈரத்தைப் பிறகு காயவைக்க வேண்டியது நீங்கள்தானே.

உரித்ததை நசுக்க வேண்டும், அரைக்கக் கூடாது. உரலில் போட்டு இரண்டிரண்டு இடி இடித்தால் வெங்காயம் நான்கைந்து துண்டாக உடைந்து சாறு கசியும், அந்தப் பதம் போதும். மிக்ஸி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டுவிட்டு ஓட்டுங்கள், தண்ணீர் ஒரு சொட்டு கூட வேண்டாம். விழுதாகிவிட்டால் காய்ந்த பிறகு உதிர்ந்து தூளாகும், எண்ணெயில் போட்ட உடனே கருகும். பூண்டையும் இதே போல் நசுக்கிக்கொள்ளுங்கள்.

உளுந்தைக் கழுவி வடித்து, மற்ற எல்லாச் சாமான்களோடும் வெங்காயத்தில் கொட்டி, கை போட்டு நன்றாகப் பிசையுங்கள். விளக்கெண்ணெயை மட்டும் இப்போது சேர்க்காதீர்கள். மண்பானையோ பீங்கான் ஜாடியோ எடுத்துக்கொள்ளுங்கள், உப்பும் வெங்காயச் சாறும் சேர்ந்து அரிக்கும் என்பதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அதில் போட்டு வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரில் உளுந்தும் வெந்தயமும் ஊறும், காலையில் லேசான புளிப்பு வாடை வரும். அது கெட்டுப்போனதல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

காலையில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, சாறைப் பானையிலேயே பிழிந்துவிட்டு, சக்கையைத் தட்டிலோ முறத்திலோ பரப்பி மொட்டை மாடியில் வையுங்கள். பழைய வேட்டியிலும் பரப்பலாம், அதற்குப் பிறகு அது வேட்டியாக ஆகாது என்பதைத் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாறு உள்ள பானையையும் வேடு கட்டியபடியே வெயிலில் வையுங்கள். சாயங்காலம் வெயில் இறங்கியதும் காய்ந்ததை எல்லாம் திரும்ப அந்தச் சாற்றிலேயே போட்டுக் கலந்து மூடிவிடுங்கள். மறுநாளும் இதே வேலை. மூன்றாம் நாள், மிஞ்சினால் நான்காம் நாள், பானையில் சாறே இருக்காது, மொத்தமும் வெங்காயத்துக்குள் திரும்பப் போயிருக்கும். இதைச் செய்யாமல் சாறைக் கொட்டிவிட்டு வெறும் சக்கையைக் காயவைப்பவர்கள் உண்டு. அதற்கு வடகம் போடாமலே இருந்துவிடலாம், மணம் இருப்பதே அந்தச் சாற்றில்தான்.

அப்புறம்தான் உருட்டுவது. விளக்கெண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் காயவையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் ஒவ்வொரு உருண்டையையும் கையில் எண்ணெய் தொட்டு மறுபடி அழுத்தி உருட்டுங்கள், இல்லாவிட்டால் வெடித்து உதிரும். விளக்கெண்ணெய் எதற்கு என்று கேட்பார்கள். அது லேசில் சிக்கு வாடை அடிக்காது, பூச்சியும் அண்டாது, துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் இதற்குத்தான். சமையலுக்கென்று செக்கில் ஆட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். நல்லெண்ணெயிலும் போடலாம், நாள் தாங்குவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

நல்ல வெயிலில் ஒரு வாரத்திலிருந்து பத்து நாளில் உருண்டை கருத்து இறுகிவிடும். தட்டில் போட்டால் கல் விழுந்த மாதிரி சத்தம் வர வேண்டும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடுவில் ஈரப்பசை இருந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். கிலோ வெங்காயத்துக்கு எல்லாச் சாமானும் சேர்ந்து அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவோ ஒட்டியோ நிற்கும்.

காக்காய்க்குப் பயப்பட வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் அரிசி வடகத்துக்குத்தான் குடையும் குச்சியுமாகப் பிள்ளைகளைக் காவல் போடுவார்கள், வெங்காய வடகத்தை அது கொத்தி ருசி பார்த்துவிட்டுப் போய்விடும். பயப்பட வேண்டியது கோடை மழைக்கு. திடீரென்று இருட்டினால் போதும், கீழே இருந்து அப்பாயி போடும் சத்தத்தில் தெருவே மாடிக்கு ஓடும், தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது முதல் தூறல் விழும், நனைந்தது நாமாக இருந்தால் திட்டு கிடையாது. நீங்கள் போடும்போது மழை பிடித்துக்கொண்டால் உருண்டைகளை உதிர்த்து ஃபேன் காற்றில் பரப்பி வையுங்கள், வெயில் வந்ததும் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சை பிடித்துவிட்டால் மட்டும் அந்தப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தட்டு மொத்தமும் குப்பைக்கு.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு: பால்கனியில் நான்கு மணி நேரம் வெயில் வந்தால் போதும், நாள்தான் கூடும். வெயிலே வராத வீடென்றால் ஓவனைக் குறைந்த சூட்டில், 70 டிகிரி போல, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் காயவைக்கலாம். ருசி கிட்டத்தட்ட வந்துவிடும், ஆனால் நாலைந்து நாள் மெல்ல ஊறிக் காய்ந்த அந்தப் புளிப்பு வராது. பக்கத்து வீட்டுக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வாடை மாடிப்படி வரைக்கும் போகும். இந்த வடகம்தான் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் சமையலுக்குப் போய், அங்கே வடுவான் என்ற மசாலாவாக நல்ல விலைக்கு விற்கிறது, வேண்டுமானால் அதையும் சொல்லிச் சமாளியுங்கள்.

சரி, தாளிப்பது. இங்கேதான் பலரும் கெடுப்பார்கள். உருண்டையை அப்படியே எண்ணெயில் போடக் கூடாது, தேவையானதை முதலில் உதிர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கான கீரைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். எண்ணெய் புகையக் கூடாது, மிதமாகச் சூடானதும் வடகத்தைப் போட்டு அடுப்பைச் சிறியதாக்கிக் கிளறிக்கொண்டே இருங்கள். காய்ந்த வெங்காயம் நொடியில் கருகும், உளுந்து சிவக்க நேரம் எடுக்கும், தீ பெரிதாக இருந்தால் ஒன்று கரியாகவும் இன்னொன்று பச்சையாகவும் நிற்கும். உளுந்து பொன்னிறமானதும் ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, சட்டியோடு கீரையில் கொட்டி மூடிவிடுங்கள், இரண்டு நிமிஷம் திறக்காதீர்கள். தனியாகக் கடுகு, உளுந்து எதுவும் வேண்டாம், கீரைக்கு உப்பையும் ஒரு பங்கு குறைத்துப் போடுங்கள், வடகத்திலேயே உப்பு இருக்கிறது. முளைக்கீரை, அரைக்கீரை, மோர்க்குழம்பு, பூண்டுக் குழம்பு எல்லாவற்றுக்கும் இதே தாளிப்புதான். மீன் குழம்பு என்றால் கடைசியில் கொட்டாமல் முதலிலேயே நல்லெண்ணெயில் வடகம் பொரித்து அதன்மேல் குழம்பைக் கூட்ட வேண்டும், மத்தி, சங்கரா இரண்டுக்கும் அபாரமாக இருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது துவையல். பள்ளிக்கூட லீவில் காலையில் பழைய சோற்றுக்கு இதைத்தான் உருட்டி வைப்பார்கள். இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் நான்கு காய்ந்த மிளகாயை வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் ஒரு முழு உருண்டை வடகத்தை உதிர்த்துச் சிவக்க வறுங்கள். மிளகாய், அரை மூடித் தேங்காய், நெல்லிக்காய் அளவு புளி, துளி உப்பு இவற்றைக் கெட்டியாக அரைத்த பிறகு கடைசியாக வடகத்தைப் போட்டு ஒரே சுற்று, பல்லில் தட்டுப்பட வேண்டும். அம்மியில் அரைத்தால் அம்மியில் ஒட்டியிருப்பதைச் சோறு போட்டுப் பிரட்டி எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அந்த உருண்டைக்குத்தான் சண்டையே நடக்கும்.

ஜாடியில் வைப்பதற்கு முன் உருண்டைகள் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். ஈரக் கை படாமல், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாள் வெயில் காட்டினால் ஒரு வருஷம் தாங்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்பும்போது இரண்டு உறையில் போட்டு அதை ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். காப்பித்தூள் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு மாதத்துக்குக் காப்பியில் பூண்டு வாசம் அடிக்கும்.