விரிப்பு, தாள், தகரம்: படம் எடுப்பவர்களும் கைவேலை செய்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு காலை நடந்தால் ஷீட் என்று சொல்லக்கூடிய எல்லாமே கண்ணில் படும். கெய்சர் வீதியில் பெட்ஷீட் துணி, மலிபன் வீதியில் பிரிஸ்டல் போர்ட்டும் டிஷ்யூ தாளும், நடைபாதைக் கடைக்கு மேலே நீலத் தார்ப்பாய், நிமிர்ந்து பார்த்தால் துருப்பிடித்த தகரம். விலையும் கையைக் கடிக்காது. அதனாலோ என்னவோ, இவற்றை ஒரு பொருளாகவே யாரும் மதிப்பதில்லை. படத்துக்குப் பின்னால் தொங்கவிடலாம், வெட்டி ஒட்டலாம், அவ்வளவுதான் என்று நினைப்பு. ஆனால் ஒவ்வொரு ஷீட்டுக்கும் தடிப்பு உண்டு, திசை உண்டு, இரண்டு பக்கம் உண்டு, வெளிச்சத்தை உள்ளே விடும் அல்லது திருப்பியடிக்கும் குணமும் உண்டு. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்குமேல் அந்தக் குணத்தைப் பார்க்காததால் வருபவை.

பெட்ஷீட்டைப் பின்னணியாக்கும்போது

வீட்டிலிருந்தே கேக், நகை, சேலை விற்பவர்கள் கொழும்பில் ஏராளம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளுக்குள் எடுக்கப்படும் அந்தப் படங்களில் முக்கால்வாசிக்குப் பின்னால் ஒரு பெட்ஷீட் இருக்கும். முதலில் கண்ணில் குத்துவது அதன் மடிப்புக் கோடுகள். அலுமாரியில் நான்காக மடித்து வைத்த துணியில் சிலுவை மாதிரி ஒரு தழும்பு விழுந்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போது அந்தத் தழும்பு இன்னும் ஆழமாகத் தெரியும். லேசான ஈரத்தோடு அயன் பண்ணி, பிறகு மடிக்காமல் ஒரு பீவீசி குழாயில் சுற்றி வையுங்கள். தொங்கவிடும்போது மேல் விளிம்பில் மட்டும் கிளிப் போடாமல் பக்கங்களையும் இழுத்து, உடுப்புக் கிளிப்பால் பிடியுங்கள்.

அடுத்தது தூரம். ஆளையோ பொருளையோ துணியோடு ஒட்டி நிறுத்தினால் நிழல் அப்படியே துணியில் விழும், நெசவுகூட துல்லியமாகத் தெரியும். நான்கைந்து அடி இடைவெளி இருந்தால் இரண்டும் மறையும். அறை சிறியதென்றால் மூலைக்கு மூலை, குறுக்காக நின்று பாருங்கள், கொஞ்சம் இடம் கிடைக்கும்.

நிறத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சிவப்பு விரிப்பில் குழந்தையைக் கிடத்திப் படம் எடுத்தால் கன்னத்தின் அடிப்பக்கமும் கழுத்தும் சிவந்திருக்கும். பச்சை என்றால் இன்னும் மோசம், நோயாளி மாதிரி தெரியும். துணியில் பட்ட வெளிச்சம் அதன் நிறத்தோடு திரும்பி வருவதுதான் காரணம். பிறகு எடிட் பண்ணிச் சரிசெய்யலாம் என்றால், முகம் முழுவதற்கும் ஒரே நிறம் ஏறவில்லையே! வெள்ளை, சாம்பல், மணல் நிறம் ஆகியவை பாதுகாப்பானவை.

வெள்ளை என்றதும் இன்னொரு சிக்கல். வெள்ளை விரிப்பை எடுத்தால் படத்தில் அது அழுக்குச் சாம்பலாக வருகிறது என்று பலர் குறைப்பட்டு, போனைக் குற்றம் சொல்வார்கள். கமெராவின் ஒளிமானிக்கு முன்னால் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் அது முயலும். ஆகவே வெள்ளை நிறைந்த காட்சிக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்) நீங்களே வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். போனில் என்றால் திரையைத் தொட்டு, அங்கே வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். கறுப்புத் துணிக்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

நெருக்கமான கோடு, சின்னச் சின்னக் கட்டம் போட்ட துணியையும் தவிருங்கள். துணியின் கோடுகளும் கமெரா சென்சரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதி, இல்லாத அலைகளைப் படத்தில் உண்டாக்கும். அந்தத் துணிதான் வேண்டுமென்றால் ஓரடி முன்னே அல்லது பின்னே நகர்ந்து மறுபடி எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அலை போய்விடும். கைத்தறி விரிப்பைப் பின்னணியாக்கி வீணாக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அதையே படத்தின் பொருளாக்குங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் இழைகள் தெரிவதைப் பார்த்தால் முன்னால் வேறெதையும் வைக்கத் தோன்றாது.

வெளிச்சத்தை வடிகட்டும் துணி

ஜன்னலில் வெள்ளை விரிப்பைக் கட்டினால் வெளிச்சம் மென்மையாகும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே கட்டுவது என்பதில்தான் பிழை விடுகிறார்கள். ஒளியின் மென்மை, படம் எடுக்கப்படும் பொருளிலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. பொருளுக்கு இரண்டடி தள்ளி நிற்கும் விரிப்பு ஒரு பெரிய விளக்கு. அதே விரிப்பு பதினைந்து அடி தள்ளிப் போனால் சின்ன விளக்கு, நிழலின் ஓரம் மீண்டும் கடுமையாகிவிடும். படத்தின் சட்டத்துக்குள் வராத அளவுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுவாருங்கள்.

கொழும்பு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் மொட்டைமாடியில் ஆளை நிறுத்தினால் கண்குழி இரண்டும் இருண்டுபோகும். அப்போது விரிப்பைப் பக்கத்தில் பிடித்துப் பயனில்லை, தலைக்கு மேலே கூடாரம் மாதிரி நான்கு பேர் பிடிக்க வேண்டும். நான்கு பேரைச் சேர்க்க முடியாவிட்டால் மாலை ஐந்து மணிக்கு எடுங்கள்.

விரிப்புக்குப் பின்னால் நின்று நிழல் படம் எடுப்பவர்கள் டியூப் லைட்டைப் போட்டுவிட்டு, நிழல் கூர்மையாக விழவில்லை என்கிறார்கள். நீளமான விளக்கு நிழலைக் கலக்கிவிடும். ஒரேயொரு சின்ன விளக்கு, போனின் டோர்ச்கூடப் போதும். கையையோ வெட்டிய அட்டையையோ துணிக்குக் கிட்டே வையுங்கள்.

வெள்ளைத் தாள் ஒன்றைக் காட்டி கமெராவின் நிறச்சமநிலையைச் சரிசெய்வதும் பழக்கத்தில் இருக்கும் ஒரு தவறு. போட்டோகொப்பித் தாளில் பளிச்சென்று தெரிவதற்காக ஒளிரும் பொருள் சேர்த்திருப்பார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். கமெரா அந்த நீலத்தைத்தான் வெள்ளை என்று நம்பி, மற்ற எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். சலவைத் தூள் போட்டுத் துவைத்த வெள்ளை விரிப்பும் இதேபோலத்தான். இதற்கென்று விற்கும் சாம்பல் அட்டையே நல்லது.

தாளுக்கும் ஓட்டம் உண்டு

இலங்கையில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் ஹாஃப் ஷீட், டிமை தாள், பிரிஸ்டல் போர்ட் என்று வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் தாளின் நார் ஒரு திசையில் ஓடுகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிந்துவிடும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் பிளக்கும். மெல்லிய தாளில் தெரியாது, வாழ்த்து அட்டை செய்யும் தடித்த போர்டில் நிறம் உரிந்து வெள்ளை நார் எட்டிப் பார்க்கும்.

திசையைக் கண்டுபிடிப்பது சுலபம். தாளை ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை அகலவாக்கிலும் மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்த வளைவுக் கோட்டின் திசையில்தான் நார் ஓடுகிறது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். நாரோடு கிழித்தால் கிட்டத்தட்ட நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணும். குறுக்கேதான் மடித்தாக வேண்டும் என்றால், மை தீர்ந்த போல்பொயின்ட் பேனையால் மடிப்புக் கோட்டை முதலில் அழுத்திக் கீறிக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தை உறிஞ்சும் நார் நீளத்தில் அதிகம் கூடுவதில்லை, அகலத்தில்தான் வீங்கும். ஒரு தாளை நீளவாக்கிலும் இன்னொன்றைக் குறுக்காகவும் வைத்து ஒட்டினால் இரண்டும் வெவ்வேறு பக்கம் விரிந்து, காலையில் அட்டை அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கும். ஒட்டும் தாள்கள் எல்லாவற்றுக்கும் நார் ஒரே திசையில் இருக்கட்டும். படத்தை அட்டையில் ஒட்டினால் அட்டையின் பின்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள், இரண்டு பக்க இழுப்பும் சமமாகும். பசையையும் தண்ணீராகக் கரைக்க வேண்டாம்.

தடிப்பைக் கையால் தடவிப் பார்த்து வாங்குவதைவிட ஜிஎஸ்எம் எண்ணைக் கேளுங்கள். ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீற்றர், அதில் 16 ஏ4 அடங்கும். ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். வெட்டி மடிக்கும் சின்ன வேலைகளுக்கு அது போதும், நிற்க வேண்டிய அட்டைக்கு 200க்கு மேல் பாருங்கள். கடைக்காரர் பிரிஸ்டல் போர்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தால் வீட்டுக்கு வந்த உடனே அவிழ்த்துவிடுங்கள்.

வெசாக் கூடு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஷ்யூ தாளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்தால் இரவில் ஏமாற்றம்தான். கடையிலேயே போன் டோர்ச்சைத் தாளுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கடும் நீலமும் ஊதாவும் பல நேரம் விளக்கை விழுங்கிவிடும். தாளுக்குப் பதிலாகப் பொலித்தீன் போட்டால் மழைக்குத் தாங்குமே என்று சிலர் சொல்வார்கள். 2017 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தடை சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் ஷீட்டோடு நிற்கவில்லை. அரசியல், சமய, கலாசார நிகழ்ச்சிகளைப் பொலித்தீனால் அலங்கரிப்பதும் அதற்குள் வந்துவிட்டது.

தகரமும் அஸ்பெஸ்டஸும்

தகரக் கூரையைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் வெயில் ஏறிய பிறகு போய், கண்ணைக் கூசும் ஒரு வெள்ளைப் பட்டையை எடுத்துவருகிறார்கள். அலைத் தகரத்தின் அழகு முழுக்க அதன் மேடு பள்ளத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு முன், சூரியன் சரிந்திருக்கும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் நிற்கும். கொம்பனித்தெருப் பக்கம் உயரமான கட்டடம் ஒன்றில் தெரிந்தவர் இருந்தால் மேலிருந்து எடுங்கள். தயவுசெய்து கூரைமேல் ஏறாதீர்கள்.

அந்த அலை வெறும் அலங்காரமல்ல. தட்டையாக இருந்தால் தொய்ந்துவிடும் மெல்லிய தகட்டை அலையாக்கினால் விறைத்து நிற்கும் என்று கண்டு, லண்டனில் ஹென்றி பாமர் என்ற பொறியியலாளர் 1829இல் காப்புரிமை எடுத்தார். கைவேலைக்காரர்களுக்கு இது நேரடியாக உதவும். சாதாரண ஏ4 தாளை விசிறிபோல் மடித்து இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வைத்தால் ஒரு கோப்பையைத் தாங்கும். தடித்த அட்டை தேடி அலைவதற்கு முன் இருக்கும் தாளை மடித்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு தவறில் விளையாட்டே வேண்டாம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடக்கும் சாம்பல் நிற அலை ஷீட்டுகளை எடுத்துவந்து வெட்டி, துளைபோட்டு, பூந்தொட்டிக்கும் சுவர் அலங்காரத்துக்கும் பாவிக்கிறார்கள். அவை அஸ்பெஸ்டஸ் ஷீட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டும்போதும் உரசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தூர நின்று படம் எடுங்கள், கை வைக்காதீர்கள்.

பழைய தாள்கள்

தாத்தாவின் கடிதம், பழைய கல்யாணப் பத்திரிகை, பாட்டுத் தாள் கிடைத்தால் உடனே லெமினேட் செய்ய ஓடுகிறவர்கள் நிறைய. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிறகு எடுக்க முடியாது. முதலில் நல்ல படம் ஒன்று எடுத்துவிட்டு, அசலைத் திறந்து மூடக்கூடிய உறையில் வையுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதைப் படம் எடுக்க வேண்டுமானால் பிளாஷை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் 45 பாகைச் சரிவில் வெளிச்சம் விழ வையுங்கள். லெமினேட் வேண்டாம் என்பது கடை பில்களை ஒட்டிப் படத்தொகுப்பு செய்பவர்களுக்கும் பொருந்தும். வெப்பத் தாளில் அச்சான பில் லெமினேட் இயந்திரத்துக்குள் போனால் கறுத்துத்தான் வெளியே வரும்.

நாணயத்தாளை வெட்டிப் பூச்செண்டு செய்வதையும் விட்டுவிடுங்கள். வேண்டுமென்றே நாணயத்தாளைச் சிதைப்பது இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம்.

பல்கனிகளிலும் ஒழுங்கைகளிலும் காயும் விரிப்புகள் அருமையான படம் தரும், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே அந்த வீட்டாரின் மற்ற உடுப்புகளும் தொங்குமே. “அக்கா, இந்த பெட்ஷீட்டை ஒரு படம் எடுக்கட்டா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். சில வேளை அவர்களே மற்றதை நகர்த்தித் தருவார்கள்.

எடுத்த படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுப்பதும் சரிவராத வேலை. பிலிம் காலத்தில் 36 படச் சுருளை ஆறு ஆறாக வெட்டி, எட்டுக்குப் பத்து அங்குலத் தாளில் பரப்பி, ஒரே பார்வையில் தெரியும்படி கொன்டக்ட் ஷீட் போடுவார்கள். இன்றைக்கும் இருபது படங்களைச் சிறியதாக்கி ஒரே ஏ4 தாளில் அச்சிட்டுப் பார்க்கலாம். பக்கத்துக் கடையின் சாதாரண லேசர் பிரிண்ட் போதும், போட்டோத் தாளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.