சாவியைத் திருப்புமுன் முள்ளைப் பாருங்கள்

காரின் சாவியை ஸ்டார்ட் பக்கம் திருப்புவதற்கு முன் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளை ஒரு கணம் பாருங்கள். அது பூஜ்ஜியத்தில் இல்லாமல் 800-ஐ ஒட்டி நின்றால் இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சாவியைத் தொட வேண்டாம். காரைக்குடியில் கல்யாண வீட்டு வாசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் காத்திருக்கும்போது நாதசுரமும் தவிலும் முழங்கினால், பெட்ரோல் இன்ஜினின் ஓசை காதில் விழவே விழாது.

நின்றிருக்கும் ஃப்ளைவீலின் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) பல்வளையத்தில் கோத்துக்கொண்டு அதைச் சுற்றிவிடுவதுதான் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறிய பல்சக்கரத்துக்கு உள்ள வேலை. இன்ஜின் ஓடி வளையம் வேகமாகச் சுழலும்போது சாவியைத் திருப்பினால் பற்கள் கோக்காமல் உரசுகின்றன. ‘கர்ர்’ என்று கேட்பது அதுதான். ஒருமுறை நேர்ந்ததற்காகப் பதற வேண்டாம், சாவியை உடனே விட்டுவிட்டால் பெரும்பாலும் கேடில்லை. திரும்பத் திரும்ப நடந்தால் பல் மழுங்கும், உடையும். பல்வளையத்தை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருப்பதால் கூலிதான் கனக்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் பேணி வைத்திருக்கும் பழைய அம்பாசிடர் போன்ற, முள் இல்லாத வண்டிகளில் ஆயில் விளக்கையும் பேட்டரி விளக்கையும் பாருங்கள். சாவி ஆன் நிலையில் இருக்க, இரண்டும் அணைந்திருந்தால் இன்ஜின் ஓடுகிறது. விளக்குகள் பழுதாகியிருந்தால் இந்த அடையாளம் செல்லாது. முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் கார்களுக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை. இன்ஜின் ஓடும்போது ஸ்டார்ட்டரைக் காரின் கணினி இயங்கவிடாது. நிற்கும் காரில் பட்டனை அழுத்தினால் இன்ஜின் அணையும், அவ்வளவுதான்.